மிதிபடகில் சால்மன் பிடிக்கப் போகும் மாப்ளைக்கு

மாப்ளே, கேள்விப்பட்டேன். கொடைக்கானல் ஏரியில படகைப் போட்டு, தூண்டிலைப் பின்னாடி விட்டு இழுத்துக்கிட்டே போயி, ட்ரவுட்டும் சால்மனும் பிடிக்கப் போறியாம். ஹோம்ஸ்டேக்கு வர்ற பெங்களூருப் பார்ட்டிகளை ஏத்திக்கிட்டுப் போயி, மீனைக் கையில குடுத்து போட்டோ எடுத்து, தலைக்கு இவ்வளவுன்னு ரேட்டும் போட்டு வச்சிருக்கியாம். யாரு சொன்னான்னு கேக்காத. பெருமாள்மலை முக்குல, பழனி ரோடு பிரியிற எடத்துல ஒருத்தன் தும்முனா, வத்தலக்குண்டு பஸ்ஸுல போறவன் மலை எறங்குறதுக்குள்ள ‘நூறு வருசம்’னு பதில் வந்துரும்.

முதல்ல உன்னைப் பாராட்டிடறேன். நம்ம மலையில எவனுக்கும் வராத யோசனை. ஏன் வரலங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதைப் பையச் சொல்றேன். வயசானவன், அவசரப்படுத்தாத.

உங்கப்பன் அந்தப் பார்சலை எனக்குக் காமிச்சான். கோலு ரெண்டு, ரீலு ரெண்டு, பளபளன்னு வளைஞ்ச தகடுல ஸ்பூனு ஒரு பெட்டி, அப்புறம் ஒரு ஈயக்குண்டு. பத்து ராத்தல்னு மேல போட்டிருந்துச்சு. அவன் பாவம், அது எதுக்குன்னு தெரியாம, பட்டர் ஃப்ரூட்டு நிறுக்கிற தராசுல வச்சு எடை சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தான். எடை சரியாத்தான் இருந்துச்சு. இந்த வருசப் பட்டர் ஃப்ரூட்டுக் காசு பூராவும் அதுக்குள்ள இருக்குல்ல, குறையுமா?

இந்தக் கெழவனுக்கு இதுல என்ன வெவரம்னு நெனைப்ப. என் மகளும் மருமகனும் டொரண்டோவுல ஸ்கார்பரோ பக்கம் இருக்காகள்ல. பெத்தவங்களைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குன்னே அந்த ஊருல சூப்பர் விசான்னு ஒண்ணு வச்சிருக்காய்ங்க. அதுல போனேன். மருமகன் யாழ்ப்பாணத்துப் புள்ளை. நல்ல குணம், ஒரே ஒரு கெட்ட பழக்கம், மீனு. ஒரு நாளு வெள்ளன நாலு மணிக்கு எழுப்பி, குரங்குக் குல்லாவை மாட்டி, ப்ளஃபர்ஸ் பார்க்குன்னு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. செங்குத்தா களிமண் குன்று நிக்குது, அதுக்கு அடியில ஒண்டாரியோ ஏரி. நீளம் 311 கிலோமீட்டராம். ஆழமான எடத்துல 244 மீட்டர். எதுத்த கரை கண்ணுக்குத் தெரியல. கடல்னே நெனச்சுக் கையில அள்ளி வாயில வச்சுப் பாத்தேன், உப்பு இல்ல.

ஏரி அம்புட்டுப் பெருசு, படகு இம்புட்டுச் சிறுசு. முன்னாடி ஒரு ஆளு, நடுவுல நான், பின்னாடி எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு மருமகன். ஆளாளுக்கு ஒரு மிதவைச் சட்டை. ஆசையா ஒரு கோலைத் தொட்டேன் பாரு, “மாமா, உதைத் தொடாதேங்கோ” அப்படின்னுட்டாரு. லைசென்ஸ் வேணுமாம். அறுபத்தஞ்சு தாண்டுன கனடாக்காரனுக்கு அந்த ஊருல மீன்பிடி லைசென்ஸ் எடுக்க வேணாம், வயசே லைசென்ஸு. ஆனா நம்ம நரைமுடி அங்க செல்லாது, வெளிநாட்டு நரை. எஞ்சின் படகு ஓட்டுறதுக்குத் தனியா பரீட்சை எழுதி ஒரு அட்டை வாங்கியிருந்தாரு. நீ பைக்குக்கே லைசென்ஸு எடுக்காதவன், சும்மா சொல்லி வைக்கிறேன்.

இப்ப அந்தக் குண்டுக்கு வருவோம். ஸ்பூனைத் தண்ணியில போட்டு, படகை மெல்ல ஓட்டிக்கிட்டே நரம்பைப் பத்துப் பாகம் பின்னால விட்டாரு. அப்புறம் அந்த நரம்பை ஒரு கிளிப்புல கவ்வ வச்சாரு. அந்தக் கிளிப்பு ஈயக்குண்டு தொங்குற இரும்புக் கம்பியில இருக்கு. படகோட ஓரத்துல ராட்டினம் வச்ச ஒரு கருவி, டவுன்ரிகர்னு பேரு, அதைச் சுத்திக் குண்டை எறக்குனாரு. நாப்பதடி, அறுபதடி, எம்பதடின்னு அதுலயே ஆழம் எண்ணுது. குண்டு போற ஆழத்துக்கு ஸ்பூனும் போயிருது. மேல கோலை நல்லா வளையற அளவுக்கு நரம்பை இறுக்கி, தாங்கியில சொருகி வச்சாச்சு. அவ்வளவுதான் வேலை. மீனு அடிச்சுதுன்னா கிளிப்பு நரம்பை விட்டுரும். வளைஞ்சிருந்த கோலு சடக்குனு நிமிரும். நிமிர்ந்த மறுநொடி கோலைக் கையில எடுத்து ரீலைச் சுத்தித் தொய்வை எடுக்கணும், இல்லாட்டி அவன் முள்ளைத் துப்பிட்டுப் போயிருவான். அந்த ஒரு நொடிக்காகத்தான் விடியக்காலையிலேருந்து எல்லாரும் அந்தக் கோல் நுனியையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காய்ங்க. கல்யாண வீட்டுல பந்தி எப்பன்னு பாக்குறவன்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டான்.

படகு ஓடுற வேகம் மணிக்கு ரெண்டு, மூணு மைலு. நடக்கிற வேகந்தான். சால்மனுக்குக் கொஞ்சம் வெரசா, அடியோரமா கெடக்கிற ஏரி ட்ரவுட்டுக்கு இன்னும் பைய. மருமகன் நேராவும் ஓட்டல, வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுனாரு. தூக்கம் வருதோன்னு பயந்துட்டேன். கேட்டா வெவரமா சொல்றாரு. தேரு முக்கு திரும்புறப்ப வெளிவடம் பிடிக்கிறவன் ஓடணும், உள்வடக்காரன் நின்ன எடத்துல நகந்தாப் போதும்ல? அதேதான். படகு திரும்புறப்ப வெளிப்பக்கத்து ஸ்பூனு வேகம் எடுக்கும், உள்பக்கத்து ஸ்பூனு தொங்கிக் கீழ எறங்கும். எந்தப் பக்கம் மீனு அடிக்குதோ, அதுதான் அன்னைக்கு மீனு கேக்குற வேகம். வெளிப்பக்கம் அடிச்சா எஞ்சினைக் கொஞ்சம் கூட்டு, உள்பக்கம் அடிச்சா கொறை. மீன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிற வித்தை. இந்த ஒரு வெவரத்துக்காகவே நான் அந்தக் குளிரை மன்னிச்சேன்.

சரி, எம்பதடிக்கு எதுக்குக் குண்டை எறக்கணும்? இங்கதான் மாப்ளே நீ காதைத் தீட்டிக்கணும். ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் குளிர்ந்த தண்ணி வேணும். ஏரி ட்ரவுட்டுக்குப் பத்து டிகிரி, அதுக்கும் கீழ இருந்தா ரொம்பச் சந்தோசம். அந்த ஊருல குளிர்காலத்துல ஏரி ஓரமெல்லாம் ஐஸ் கட்டிரும். தண்ணி 4 டிகிரியிலதான் அதிகக் கனம், அதனால அந்தக் குளுந்த தண்ணி அடியில போயித் தங்கிரும். வெயில் காலத்துல மேல்தண்ணி சூடாகி லேசாயி மேலயே மெதக்கும். ரெண்டும் கலக்காது. நடுவுல ஒரு எல்லை, அதுக்குக் கீழ எறங்குனா திடுதிப்புன்னு குளிரு. மீனு அந்த எல்லையை ஒட்டித்தான் திரியும், ஏன்னா இரையும் அங்கதான் வருது. அம்புட்டுப் பெரிய ஏரியில மீனு எங்க நிக்கும்னு தெரியாது, எந்த ஆழத்துல நிக்கும்னு மட்டும் தெரியும். அதனால ஆழத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மைல் கணக்கா இழுத்துத் தேடுறான். இழுக்கிறதோட ரகசியம் அவ்வளவுதான்.

இப்ப நம்ம ஏரிக்கு வா.

1863ல மதுரைக் கலெக்டரு லெவிஞ்ச் துரை, சதுப்பா கெடந்த பள்ளத்துல ஓடுன ஓடையை மறிச்சுக் கட்டுன ஏரி இது. அறுபது ஏக்கரா. சராசரி ஆழம் மூணு மீட்டரு, ரொம்ப ஆழம்னு சொல்ற எடத்துலகூட பத்துப் பதினோரு மீட்டருதான். உன் குண்டை எறக்குனா பெரும்பாலான எடத்துல நீ ‘விட்டேன்’னு சொல்றதுக்குள்ள சேத்துல சொருகி நிக்கும். அப்புறம் பாசி. ஸ்பூனைப் பின்னால இழுத்தா, ஏரியைச் சுத்தம் பண்ணிக் குடுத்ததுக்கு நகராட்சி உனக்குச் சால்வை போத்தலாம்.

எஞ்சின் படகும் அங்க கெடையாது. துடுப்புப் படகும் மிதிபடகும்தான். மிதிச்சு மணிக்கு ரெண்டரை மைலு வேகத்தை ஒரே சீரா வச்சுக்கிட்டே வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுறதுக்கு உன் பெங்களூரு விருந்தாளிக்குக் காலு ஒத்துழைக்குமா? காலை மேல தூக்கி வச்சுக்கிட்டுச் செல்ஃபி எடுக்க வர்றவன் அவன். பாதி ஏரியில மிதிக்கிறதை நிறுத்திருவான், நீ பின்னால குதிச்சுத் தள்ளிக்கிட்டு வரணும். அதோட உன் நரம்பு பத்துப் பாகம் பின்னால வந்துக்கிட்டு இருக்கு. மே மாசத்துல அந்த ஏரியில படகுக்குப் படகு எத்தனை அடி இடைவெளி இருக்கும்னு உனக்கே தெரியும். சால்மன் மாட்டுதோ இல்லையோ, திருப்பூர்லேருந்து தேனிலவுக்கு வந்த ஒரு சோடி கட்டாயம் மாட்டும். கோலு சடக்குனு நிமிரும்போது யாரோட துப்பட்டாங்கிறதை மட்டும் பாத்துச் சுத்து.

லெவிஞ்ச் துரை மொத மொதல்ல இந்த ஏரிக்குப் படகைத் தூத்துக்குடியிலேருந்துதான் கொண்டாந்தாருன்னு சொல்லுவாக. ஓடுற படகுக்குப் பின்னால தூண்டிலை இழுக்கிற வேலைக்கு நம்ம நாட்டுல பொருத்தமான ஊரு எதுன்னு பாத்தா அந்தத் தூத்துக்குடிதான். மன்னார் வளைகுடாவுல சீலா மீனுக்கு இழுப்பாய்ங்க. சீலா வேகமா ஓடுற மீனு, வேகமா ஓடுற இரையைத்தான் கடிக்கும். அங்க ஆழம் இருக்கு, எடம் இருக்கு, மீனும் இருக்கு. படகு மட்டும் மலையேறி நம்ம ஊருக்கு வந்துச்சு, மீனு வரல. 1890ல படகுக் கிளப்பும் ஆரம்பிச்சு, துரைமாருங்க துடுப்புப் போட்டுப் போட்டி வச்சுக்கிட்டாய்ங்க. ஒருத்தனாவது பின்னால ஸ்பூனை இழுத்தானா? வெள்ளக்காரன் ஆசைப்படாத எடமா அது? யோசி.

ட்ரவுட்டு மேல அவிங்களுக்கு ஆசை இல்லாமலும் இல்ல. லெவிஞ்சு இங்க ஏரி கட்டுன அதே 1863ல, பிரான்சிஸ் டேன்னு ஒரு பட்டாள டாக்டரு நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டு வரப் பாத்தாரு. பெரிய படிப்பாளி, இந்தியாவுல இருக்கிற மீன் வகை பூராத்துக்கும் தண்டி தண்டியா புஸ்தகம் எழுதுன ஆளு. நடக்கல. 1866ல மறுபடி பாத்தாரு. அப்பவும் நடக்கல. எப்புடி நடக்கும்? சூயஸ் கால்வாய் தொறந்ததே 1869லதான். குளிரு நாட்டு மீனு, வெயில் கடலைத் தாண்டி, சென்னையில எறங்கி, புழுக்கத்துல மேட்டுப்பாளையம் வந்து, அப்புறம் மலை ஏறணும். உசுரோட மீனைக் கொண்டு வர்றதை விட முட்டையா கொண்டு வர்றது மேலுன்னு அப்புறம் புரிஞ்சுக்கிட்டாய்ங்க. 1864ல இங்கிலாந்துலேருந்து டாஸ்மேனியாவுக்கு ஈரப்பாசியில முட்டையைப் பொதிஞ்சு, சுத்தி ஐஸை அடுக்கிக் கப்பல்ல அனுப்பிப் பிழைக்க வச்சிருக்காய்ங்க. அதுல ஒரு வேடிக்கை. ட்ரவுட்டு முட்டை கொஞ்சந்தான் போச்சு, சால்மன் முட்டைதான் ஏராளமா போச்சு. ட்ரவுட்டு ஊரு பூரா பெருகிருச்சு. சால்மன் குஞ்சு கடலுக்குப் போச்சு, போனது போனதுதான், வாடகை பாக்கி வச்சுட்டுப் போனவன் கணக்கா திரும்பியே வரல.

நீலகிரியில ட்ரவுட்டு பிழைச்சது எச்.சி. வில்சன் காலத்துல. 1907ல அவலாஞ்சியில பொரிப்பகம் கட்டி, முட்டையை ஓடைத் தண்ணியில பொரிக்க வச்சு, குஞ்சை வளத்து, மேல்மலை ஓடைகள்ல விட்டாய்ங்க. பழுப்பு ட்ரவுட்டு அங்க நிலைக்கல, வானவில் ட்ரவுட்டுதான் நிலைச்சுது. அந்தப் பக்கம் மூணாறுல தேயிலைத் தோட்டத்துத் துரைமாருங்களும் வளத்தாய்ங்க. இலங்கையில நுவரெலியாவுக்கு 1880கள்லயே வந்துருச்சு. காஷ்மீருக்கு ஸ்காட்லாந்துலேருந்து முட்டை வந்தது 1900 வாக்குல. முதல் தடவை அனுப்புனது வழியிலயே செத்துப்போச்சு, அடுத்து வந்ததுதான் பிழைச்சுது. எல்லா எடத்துலயும் கதை ஒண்ணுதான்: ஓடுற குளுந்த தண்ணி, கூழாங்கல்லு, நெழலு. கூழாங்கல்லுக்கு நடுவுலதான் ட்ரவுட்டு முட்டை வைக்கும், ஓடுற தண்ணிதான் முட்டைக்கு மூச்சு. ஏரிச் சேத்துல வச்சா மூச்சு முட்டிச் செத்துரும். இதுல ஒண்ணைக் கவனிச்சியா? இந்த ஊரு எதுலயும் ட்ரவுட்டுக்குப் படகுல போயி எம்பதடி ஆழத்துல குண்டு எறக்குறதைப் பெருசாப் பேசல. ஓடைக்கரையில நின்னு, இறகுல ஈ கட்டி, மேலாக வீசித்தான் பிடிக்கிறான். காஷ்மீர்ல முழங்கால் தண்ணியில நிக்கிறான். நீ வாங்குன சாமான் ட்ரவுட்டுச் சாமான்தான், ஆனா வேற ட்ரவுட்டு. ஏரி ட்ரவுட்டுன்னு சொல்றது வட அமெரிக்காவோட சொந்த மீனு. நாப்பது வருசம் கூட வாழும். 1995ல கனடாவுல கிரேட் பேர் ஏரியில ஒருத்தன் 72 ராத்தல்ல ஒண்ணைப் பிடிச்சான். அதைப் பிடிச்சா நம்ம மிதிபடகு அது போற பக்கம் போகும், மிதிக்கவே வேணாம்.

கொடைக்கானல்ல வெயில் காலத்துல பகல் இருவது டிகிரியைத் தொடுது. நமக்கு அது சொர்க்கம், அதுக்குத்தான் கீழ இருக்கிறவன் இ-பாஸ் எடுத்துட்டு ஓடி வர்றான். ட்ரவுட்டுக்கு இருவதுன்னா அக்கினி நட்சத்திரம். ஆழம் இருந்தா அடியில போயி ஒளிஞ்சுக்கும், மூணு மீட்டர்ல எங்க ஒளியும்?

சால்மனை நீ எப்படிக் கணக்குப் பண்ணுனேன்னு எனக்குச் சத்தியமா புரியல. அது ஓடையில பொறந்து, கடலுக்குப் போயி வளந்து, பொறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டை போட்டுச் சாகுற சாதி. நம்ம ஏரியிலேருந்து அது கெளம்புனா எந்த வழியாப் போகும்? வெள்ளி அருவி வழியா. நூத்தி எம்பது அடி. போறது சுலபம், விழுந்தாப் போதும். திரும்பி வரணும்ல? நல்லா வளந்த சால்மன் ஒரு தாவுல பத்துப் பன்னெண்டு அடி ஏறும்னு சொல்றாய்ங்க. மிச்சத்துக்கு நீ ஏணி வைப்பியா? வச்சாலும், அருவி முன்னாடி நிக்கிற கொரங்குக் கூட்டம் அவ்வளவு பெரிய மீனை வெறுங்கையோட அனுப்பும்னு நெனைக்கிறியா? சிப்ஸ் பாக்கெட்டுக்கே அது ஆளை வழிமறிக்குது.

ஒண்டாரியோவுல அதுக்கு அந்த ஏரியே கடலு. செப்டம்பர்ல போர்ட் ஹோப்புங்கிற ஊருல கனராஸ்கா ஆத்துல அது ஏறி வர்றதைப் பாக்கச் சனம் திருவிழாவுக்குக் கூடுற கூட்டம் கூடுது. ஆனா அந்த மீனு அந்த ஏரியோடது இல்ல, அதைக் கேளு. அங்க சொந்தமா இருந்த அட்லாண்டிக் சால்மன், ஆலைக்காரன் ஆத்துல கட்டுன அணையாலயும் காட்டை வெட்டுனதாலயும், 1900க்கு முன்னயே அத்துப்போச்சு. அதோட கால்வாயும் வெட்டுனாய்ங்க. அது வழியா லாம்ப்ரேன்னு விலாங்கு ஒடம்பும் வட்ட வாயும் உள்ள ஒரு ரத்தம் உறிஞ்சி மேல ஏரிகளுக்கு ஏறிருச்சு. ஏரி ட்ரவுட்டை ஒட்டி ஒட்டி உறிஞ்சதுல, 1950கள்ல பெரும்பாலான எடத்துல ட்ரவுட்டு தீந்துச்சு. ட்ரவுட்டு போனவுடனே அது தின்னுக்கிட்டு இருந்த ஏல்வைஃப்புங்கிற சாளைக் குடும்பத்து மீனு கட்டுக்கடங்காமப் பெருகி, 1967ல மிச்சிகன் ஏரிக் கரையில செத்து ஒதுங்கி மலையாக் குமிஞ்சு கெடந்துச்சு. அப்படிப் பெருகுன ஏல்வைஃப்பைத் தின்ன வைக்கத்தான் ஹோவர்ட் டேனர்னு ஒரு மீன்வள அதிகாரி பசிபிக் கரையிலேருந்து சால்மனைக் கொண்டாந்தாரு. 1966ல கோஹோ, 1967ல சினூக். சால்மனும் தின்னுச்சு, தின்னுச்சு, அவ்வளவு தின்னுச்சு. 2004 வாக்குல ஹியூரான் ஏரியில ஏல்வைஃப்பே இல்லாமப் போயி சால்மனும் பட்டினியில விழுந்துச்சு. ஒண்ணைக் கொண்டாந்து ஒண்ணை அடக்கி, அதை அடக்க இன்னொண்ணு. நம்ம மலையில வாட்டிலையும் பைனையும் யூக்கலிப்டஸையும் நட்டுட்டு, சோலை ஓடை வத்துனதுக்கு அப்புறம் கமிட்டி போட்டாய்ங்கள்ல, அந்த வியாதி உலகம் பூரா இருக்கு. நான் விக்கிற பேரிக்காயும் வெள்ளக்காரன் கொண்டாந்ததுதான், அதை இப்பப் பேச வேணாம்.

பேரிஜம் ஏரிக்குப் போறேன்னு கிளம்பிராத. அங்கதான் ஆழமும் குளிரும் இருக்குன்னு யாரோ உன் காதுல ஊதியிருப்பான். அது பெரியகுளத்துக்காரன் குடிக்கிற தண்ணி. வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாம ஏரியைப் பாக்கவே முடியாது. 2013லேருந்து இந்தக் காடெல்லாம் சரணாலயம். குண்டோட உன்னைப் பிடிச்சா, சால்மன் பிடிக்க வந்தேன்னு சொன்னா ரேஞ்சருக்குச் சிரிப்பு வரும், ஆனா சிரிச்சுக்கிட்டேதான் கேஸ் எழுதுவாரு.

நம்ம ஏரியில மீனே இல்லியான்னு கேப்ப. இருக்குப்பா. கெண்டை இருக்கு. 1939ல இலங்கையிலேருந்து ஊட்டி ஏரிக்குக் கண்ணாடிக் கெண்டையைக் கொண்டாந்து விட்டாய்ங்க, அதுலேருந்து மத்த மலை ஏரிகளுக்கும் அந்தச் சாதி பரவுச்சு. புல்லுக் கெண்டையும் உண்டு. அதுக்குப் படகு வேணாம், குண்டு வேணாம், பெட்ரோலு வேணாம். மீன்வளத்துறையில அனுமதி வாங்கு. விடியக்காலையில, குதிரைக்காரன் வர்றதுக்கு முன்னாடி, நெழல் விழுற ஓரமாப் பாத்து உக்காரு. மைதாவைக் கெட்டியாப் பிசைஞ்சு, முள்ளு நுனி மட்டும் லேசாத் தெரியிற அளவுக்கு உருட்டி வை. ரொம்ப உருட்டுனா மாவை மட்டும் நக்கிட்டுப் போயிரும். தக்கையிலேருந்து கண்ணை எடுக்காத. கெண்டை தக்கையைப் படார்னு இழுக்காது, மாவை வாயில வச்சு ருசி பாக்கும், தக்கை ரெண்டு தரம் நடுங்கும். அப்ப இழுத்தா போச்சு. நடுங்குன தக்கை சாஞ்சு, மெதுவா ஒரு பக்கமா நகர ஆரம்பிக்கும் பாரு, அப்பத்தான் கோலைத் தூக்கணும். உன் பெங்களூருக்காரன் இதைக் கத்துக்கிட்டா ரெண்டு ராத்திரி கூடத் தங்குவான். ட்ரவுட்டைத் தேடி மிதிச்சான்னா மறுநாளு காலு வலியோட ரூமைக் காலி பண்ணிருவான். கணக்கு நீயே போட்டுக்க.

பிடிச்ச மீனைப் போட்டோ எடுத்துட்டு விட்டுரச் சொல்லு. கருணையினால சொல்லல. தெர்மாமீட்டர் ஃபேக்டரி கதை உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போகாம ஊரு சுத்துன காலம் அது. 2001ல பாதரசம் ஒட்டுன கண்ணாடிச் சில்லு மூஞ்சிக்கல்லு பழைய இரும்புக் கடையில கெடந்தது வெளிய வந்து, அந்த வருசமே ஃபேக்டரியை மூடுனாய்ங்க. 2006ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில நம்ம ஏரித் தண்ணியில, அடிச்சேத்துல, மீனுல, எல்லாத்துலயும் பாதரசம் இருக்குன்னு எழுதுனாய்ங்க. பேரிஜத்துல அதை விட ரொம்பக் கொறச்சல். பாதரசம் சேத்துல மாறி, புழுவுக்குப் போயி, பொடி மீனுக்குப் போயி, பெரிய மீனுல குமியும். வயசான மீனு, பெரிய மீனு, அதுலதான் அதிகம். கனடாவுலயும் இதே தொந்தரவு இருக்கு. ஒண்டாரியோ அரசாங்கம் எந்த ஏரியில எந்த மீனு எத்தனை நீளத்துல இருந்தா மாசத்துக்கு எத்தனை தரம் திங்கலாம்னு அட்டவணையே போட்டிருக்கு. மருமகன் பிடிச்ச ஏரி ட்ரவுட்டை அளவுகோல் வச்சு அளந்து பாத்துட்டுத்தான் கத்தியை எடுத்தாரு. என் மக வாயும் வயிறுமா இருந்தா, அவளுக்குத் துண்டே கெடையாதுன்னுட்டாரு. நமக்கு அப்படி ஒரு அட்டவணையைக் கையில குடுக்கிற வரைக்கும், ஏரி மீனைக் குழம்பு வைக்கிறதுல எனக்கு ஆசை இல்ல.

அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு முழிக்காத. வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்குக் காலையில போயிரு. அணை மீனு வரும், ஜிலேபிக் கெண்டை நல்ல உருப்படியா கெடைக்கும். செவுளைத் தூக்கிப் பாரு, செவப்பா இருக்கணும், பழுப்பாயிருந்தா கடைக்காரன் உன்னை மாப்ளைன்னு கூப்புட்டாலும் நகந்துரு. நம்ம மலைப்பூண்டை நெறைய உரி. அதுக்குத்தான் 2019ல புவிசார் குறியீடு குடுத்திருக்காய்ங்க, அதைப் போர்டுல எழுது, அது உண்மை, யாரும் கேக்க மாட்டான். மிளகு, பூண்டு, சீரகம் மூணையும் அம்மியில நசுக்கி மீனுல தேச்சு, வாழை இலையில கட்டி அடுப்பு ஓரத்துல வாட்டு. உங்கத்தையைக் கேட்டுக்க, புளி எப்பப் போடணும்னு அவளுக்குத்தான் தெரியும். ‘பெருமாள்மலை ட்ரவுட்டு’ன்னு மட்டும் எழுதிராத மாப்ளே. ஜிலேபி முள்ளு பெங்களூருக்காரன் தொண்டையில ஒண்ணு குத்துச்சுன்னா, அவன் நெட்டுல உனக்கு ஒரு ஸ்டாருதான் குடுப்பான், நீ ராத்திரியோட ராத்திரியா என் வீட்டுக் கதவைத் தட்டுவ. எட்டு மணிக்கு மேல நான் தொறக்க மாட்டேன்.